உஷார்! பவளம் பளபளத்தால் கொண்டாடாதீர்கள்

ஹாலில் இருக்கும் கடல்நீர்த் தொட்டியில் மாதக்கணக்காகப் பழுப்பாக இருந்த பவளம், இரண்டே வாரத்தில் ஊதாவாகவோ மின்னும் பச்சையாகவோ மாறிவிட்டதா? வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் “அருமையா இருக்கே” என்று படம் பிடிக்கிறார்களா? போனைக் கீழே வைத்துவிட்டு முதலில் தொட்டியின் வெப்பமானியைப் பாருங்கள். அந்த அழகு, பவளம் பிழைக்கப் போராடுவதன் அடையாளமாக இருக்கலாம். கவனிக்காமல் விட்டால் அதே பவளம் சில வாரத்தில் வெறும் சுண்ணாம்புக் கூடாக நிற்கும்.

ஜொகூரின் ஆயர் ஈத்தாம் போன்ற ஊரில் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தாமான் வீடுகளில் ஏர்கோன் படுக்கையறையில்தான் ஓடும். தொட்டியோ ஹாலில் நிற்கும். காலையில் எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பிய பிறகு ஜன்னல்கள் சாத்திய அந்த ஹால் மாலை வரை புழுங்கும். விளக்கும் பம்பும் தம் பங்குக்குச் சூடேற்றும். இரவு வீடு திரும்பி விளக்கைப் போடும்போது பவளத்தின் நிறம் மட்டும்தான் கண்ணில் படும். பகல் முழுக்க நடந்தது தெரியாது.

நிறம் எங்கிருந்து வருகிறது?

பவளம் செடி அல்ல, கல்லும் அல்ல. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு விலங்குகள் கூட்டமாக வாழும் உடல் அது. கல் பவளங்கள் தமக்கு அடியில் சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்கின்றன. பாலிப்பின் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கும். வாடகைக்குக் குடிவந்தவரே வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சமைத்துப் போடுவது போன்ற ஏற்பாடு இது. வெளிச்சத்தை வைத்துப் பாசி தயாரிக்கும் உணவுதான் பவளத்துக்கு வேண்டிய சக்தியில் 90 சதவீதம் வரை கொடுக்கிறது.

இந்தப் பாசியின் நிறம் பொன்பழுப்பு. நாம் காசு கொடுத்து வாங்கும் ஊதா, இளஞ்சிவப்பு, நீலம், மின்னும் பச்சை எல்லாம் பாசியுடையவை அல்ல. பவள விலங்கு தானே தயாரிக்கும் நிறப் புரதங்கள். அவற்றில் பல, கடும் வெளிச்சத்திலிருந்து உள்ளே இருக்கும் பாசியைக் காக்கும் திரை. ஆக, கண்ணுக்குத் தெரிவது இரண்டு நிறங்களின் கலவை. பாசி கூடினால் பழுப்பு தூக்கும். பாசி குறைந்தால் புரதத்தின் நிறம் தூக்கும். இரண்டும் போனால் கண்ணாடி போன்ற சதைக்கு அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் தொட்டியில் நடக்கும் பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

பளபளப்பு: பெரிய ஏமாற்று

2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தத் திடீர் நிறத்துக்கு விளக்கம் சொன்னார்கள். தண்ணீர் சூடாகிப் பாசி வெளியேறத் தொடங்கியதும், அதுவரை பாசி உறிஞ்சிக்கொண்டிருந்த வெளிச்சம் பவளத்தின் சதைக்குள் தாராளமாகப் பாய்கிறது. அடியில் இருக்கும் வெள்ளைக் கூடு அதைத் திருப்பி அடிப்பதால் உள்ளே வெளிச்சம் இன்னும் கூடுகிறது. அதிலுள்ள நீல ஒளி, நிறப் புரதத்தை அதிகமாகச் சுரக்கும்படி பவளத்தைத் தூண்டுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் பவளம் நியான் விளக்காய் எரியும். அந்தத் திரையின் மறைவில் பாசி திரும்பி வந்து குடியேறினால் பவளம் பிழைக்கும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. சூடு மிதமாகவோ குறுகிய காலமோ இருந்தால்தான் இப்படி நிறம் வரும். கடும் சூட்டில் நிறம் காட்டக்கூடப் பவளத்துக்குத் தெம்பு இருக்காது, நேரே வெளுத்துவிடும். அதனால் பளபளப்பைக் கண்டால் இன்னும் அவகாசம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்த அவகாசத்தைப் படம் பிடித்துப் பகிர்வதிலேயே பலர் கழித்துவிடுகிறார்கள்.

அப்படியானால் நல்ல நிறத்தை எப்படி அறிவது? மூன்றைப் பாருங்கள். ஒன்று, வேகம். ஆரோக்கியமான பவளம் நிறம் ஏறுவதற்கு மாதங்கள் எடுக்கும். வாரத்தில் ஏறியது சந்தேகத்துக்குரியது. இரண்டு, வளர்ச்சி. நுனியும் ஓரமும் வளர்ந்துகொண்டே இருந்தால் நல்லது. நிறம் கூடி வளர்ச்சி நின்றிருந்தால் ஆபத்து. மூன்று, பாலிப். வழக்கமான நேரத்தில் வழக்கம்போல் நீண்டு வெளியே வருகிறதா, அல்லது உள்ளிழுத்துக்கொண்டு கிடக்கிறதா?

இன்னொரு ஏமாற்று நம் விளக்கே செய்வது. தொட்டி விளக்கை நீலத்தில் வைத்தால் ஒளிரும் புரதங்கள் தூக்கலாகத் தெரியும். பாதி வெளுத்துப்போன பவளம்கூட அந்த நீலத்தில் மாணிக்கமாய்த் தெரியும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், வெள்ளை விளக்கில், ஒரே இடத்திலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள். நான்கு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும்.

கடலுக்கே இந்தக் கதி

தொட்டியில் மட்டும் நடக்கும் சங்கதி இல்லை இது. ஆயர் ஈத்தாமிலிருந்து குளுவாங் வழியாகக் கிழக்கே போனால் மெர்சிங் வரும். அங்கே படகு ஏறினால் ரவா, பெசார், திங்கி, சிபு தீவுகள். சற்று வடக்கே பகாங்கின் தியோமான். 2010-இல் தியோமான், ரெடாங், பாயார் தீவுகளைச் சுற்றிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. முக்குளிப்பவர்களின் தொந்தரவாவது குறையட்டும் என்று பல இடங்களை அக்டோபர் இறுதி வரை மூடுவதாக அரசு ஜூலையில் அறிவித்தது.

தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவிலும் அதே கதைதான். 2016 கோடையில் அங்கே உயிருள்ள பவளம் மூடியிருந்த பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்ததைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் பதிவு செய்தார்கள். சில மாதங்களில் நடந்த இழப்பு இது. 2024 ஏப்ரலில் உலகளாவிய வெளுப்பு நான்காவது முறையாக அறிவிக்கப்பட்டது. முந்தைய மூன்றும் 1998, 2010, 2014–17.

இவ்வளவுக்கும் தேவைப்பட்ட சூடு எவ்வளவு தெரியுமா? ஓரிடத்தில் ஆண்டின் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி கூடி, அது நான்கு வாரம் நீடித்தாலே வெளுப்பை எதிர்பார்க்கலாம் என்பது கடல் ஆய்வாளர்களின் கணக்கு. கடல் ஒரு டிகிரி ஏறுவதற்கு வாரக்கணக்கு ஆகும். 200 லிட்டர் தொட்டிக்கு ஒரு மதியம் போதும்.

பழுப்பு: கெட்டது, ஆனால் அவசரமில்லை

கடையில் ஊதாவாகப் பார்த்து வாங்கிய அக்ரோபோரா பவளம் வீட்டுக்கு வந்ததும் பழுப்பாகிறது. வாங்கியவர் பதறிப்போய்க் கடைக்குப் போன் போடுகிறார்.

“அண்ணே, ரெண்டு வாரம்தான் ஆச்சு, கலர் எல்லாம் போயிடுச்சு.”

“பாஸ்பேட் கூடியிருக்கும் தம்பி. பாஸ்பேட்டை எடுக்குற மருந்து இருக்கு, ரெண்டு மடங்கா போடுங்க. கலர் தானா வந்துரும்.”

இந்த உரையாடலில்தான் ஆபத்து ஆரம்பமாகிறது. வெளிச்சம் போதாதபோதோ, தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடும்போதோ பாசி பெருகும், பவளம் பழுப்பாகும். பார்க்க அழகில்லை, வளர்ச்சியும் மந்தம். ஆனால் பழுப்பேறிய பவளம் பட்டினியில் இல்லை. மாதக்கணக்கில் தாங்கும்.

மருந்தை அள்ளிப் போட்டுப் பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கினால் என்ன ஆகும்? பாசிக்கும் அது உணவுதான். நைட்ரேட் இருந்து பாஸ்பேட் மட்டும் வற்றினால் பாசி நொந்து, வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் எளிதில் பலியாகி வெளுப்பு வரும் என்பதையும் அதே சவுத்தாம்ப்டன் ஆய்வகம் காட்டியிருக்கிறது. பழுப்பை விரட்டப் போய் வெள்ளையை வரவழைப்பது இப்படித்தான்.

நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் பெரும்பாலான வீட்டுத் தொட்டிகளுக்குச் சரி. பூஜ்யம் என்பது சுத்தத்தின் அடையாளம் இல்லை. இறக்க வேண்டுமானால் மீனுக்குப் போடும் தீனியைக் குறைத்து, வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றி, மெல்ல இறக்குங்கள்.

வெள்ளை: எந்த வெள்ளை?

இங்கேதான் நிதானம் வேண்டும். வெள்ளை மூன்று வகை. மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு.

முதல் வகை, பயமே வேண்டாத வெள்ளை. அக்ரோபோராவின் கிளை நுனியும் மான்டிபோராவின் ஓரமும் வெளிறியிருப்பது இயல்பு. புதிதாக வளரும் இடத்தில் பாசி இன்னும் குடியேறவில்லை, அவ்வளவுதான். ஆனால் நுனி கருகினாற்போல் வெளுத்து, சதை உரிந்திருந்தால் கே.எச். எனப்படும் காரத்தன்மையைச் சோதியுங்கள். சத்துக் குறைந்த தண்ணீரில் கே.எச். அளவைத் தூக்கி வைத்தால் இப்படி ஆகும். 7 முதல் 9 வரை, ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் போதும்.

இரண்டாவது, வெளுப்பு. பவளம் முழுதும், அல்லது வெளிச்சம் படும் மேல்பக்கம், சீராக வெளிறிக்கொண்டே வரும். சதை உயிரோடுதான் இருக்கும். இரவில் தொட்டி விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, பம்பை நிறுத்தி, கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். வெள்ளைக் குழி ஒவ்வொன்றிலும் நிறமற்ற சின்ன விரல்கள் அசைந்தால், மேலே வழுவழுப்பான மெல்லிய படலம் ஒளியில் மினுங்கினால், பவளம் சாகவில்லை. பட்டினி கிடக்கிறது. இதைக் காப்பாற்றலாம்.

மூன்றாவது, சதை அழிவு. அடியிலிருந்தோ ஒரு பக்கத்திலிருந்தோ கோடு போட்டாற்போல் வெள்ளை ஏறும். கோட்டுக்கு மேலே வழக்கமான நிறம், கீழே வெறும் கூடு. சதை நூல் நூலாகப் பிய்ந்து தண்ணீரில் மிதக்கும். வேகமாகப் பரவும் வகை ஒரே நாளில் முழுப் பவளத்தையும் முடித்துவிடும். சில நாள் கழித்து அந்தக் கூட்டின் மேல் பச்சைப் பாசி படரும். அப்படிப் படர்ந்துவிட்டால் அந்த இடம் செத்துவிட்டது, இனித் திரும்பாது.

வெளுப்புக்கு வைத்தியம் பொறுமை. சதை அழிவுக்கு வைத்தியம் கத்தரி. கோட்டுக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே நல்ல பகுதியோடு வெட்டி எடுத்துத் தனியே நட்டுவிட்டு, மிச்சத்தைத் தொட்டியிலிருந்து அப்புறப்படுத்துங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு, வெளுத்த பவளத்தை வெட்டுவதும் அழிகிற பவளத்துக்கு ‘பார்க்கலாம்’ என்று ஒரு வாரம் தவணை கொடுப்பதும்தான் அதிகம் நடக்கிறது.

நான்காவதாக, வெள்ளையே இல்லாத ஒரு சாவும் உண்டு. ஹாமர், டார்ச் வகைப் பவளங்களின் தலைமேல் பழுப்பு நிறக் கூழ் திரண்டு தொங்கினால், நாற்றமும் அடித்தால், ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். சதையைத் தின்னும் நுண்ணுயிர்கள் அந்தக் கூழில் மொய்க்கும். நீரோட்டத்தில் அது பறந்து பக்கத்துத் தலையில் ஒட்டினால் அதுவும் போகும். பம்பை நிறுத்தி, குழாயால் கூழை உறிஞ்சி வெளியேற்றி, அந்தப் பவளத்தைத் தொட்டிக்கு வெளியே எடுத்துவிடுங்கள். தொட்டிக்குள் வைத்துக் கழுவவே கூடாது.

ஓரிடத்தில் மட்டும் வட்டமாக வெளுத்திருந்தால் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். கேலக்ஸியா போன்றவை இரவில் நீண்ட கொட்டும் கைகளை நீட்டிப் பக்கத்துப் பவளத்தைப் பொசுக்கும். காலையில் கை மடங்கிவிடும், காயம் மட்டும் நிற்கும். ஒரு சாண் இடைவெளி விட்டால் பிரச்சினை தீர்ந்தது.

நம் ஊரில் குறிப்பாக எதற்கு உஷார்?

சூடு முதலாவது. தண்ணீரை 25, 26 டிகிரியில் நிறுத்துவதுதான் இலக்கு. நம் மதிய வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அது நடக்காது. மேலே மின்விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகிக் கொஞ்சம் குளிரும். ஆனால் ஜொகூரின் ஈரக் காற்றில் அந்தப் பலன் அரைகுறைதான். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அல்ல. அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத சுத்த நீரை ஊற்றி ஈடுகட்ட வேண்டும். உப்புநீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறும், நிறம் மங்கும்.

கரண்டு இரண்டாவது. தைப்பூசத்துக்குப் பத்துமலை, தீபாவளிக்கு மாமியார் வீடு என்று இரண்டு மூன்று நாள் வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள் கவனியுங்கள். இடி மின்னலில் பிரேக்கர் விழுந்தால் சில்லர், பம்பு, கழிவை நுரையோடு பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும். சூட்டுக்கு முன்னால் பிராணவாயு தீரும். கரண்டு போனால் தானே ஓடத் தொடங்கும் பேட்டரி காற்றுப் பம்பு ஒன்றும், சாவியை நம்பிக் கொடுக்கும் அக்கம்பக்கத்தார் ஒருவரும் கட்டாயம்.

கொசு மருந்துப் புகை மூன்றாவது. டெங்கி வந்த தாமானில் புகை அடிப்பார்கள், அடிக்கத்தான் வேண்டும். ஆனால் ஸ்கிம்மரின் மேல்பக்கத்தில் விரல் தடிமன் குழாய் ஒன்று இருக்கிறதே, அது ஹாலின் காற்றை ஓயாமல் உறிஞ்சித் தண்ணீரில் நுரையாய்க் கலக்கிறது. காற்றில் இருக்கும் பூச்சிமருந்தும் அதே வழியில் நேரே தண்ணீருக்குள் போகும். இந்த மருந்துகள் இறாலுக்கும் மீனுக்கும் கடும் விஷம். புகை வருவதாகத் தெரிந்தால் ஸ்கிம்மரையும் காற்றுப் பம்பையும் நிறுத்தி, தொட்டியைப் பிளாஸ்டிக்கால் மூடி, நீரோட்டப் பம்பை மட்டும் ஓடவிடுங்கள். ஜன்னலைத் திறந்து வீட்டின் காற்று தெளிந்த பிறகு மூடியை எடுங்கள். வீட்டிலேயே ஸ்ப்ரே அடிப்பவர்களுக்கும் இதுவே.

நான்காவது, நம் ஊரின் பெருமையான மண்பாண்டம். ஆயர் ஈத்தாமுக்கு வந்து பீங்கான் வாங்காமல் போகிறவர்கள் குறைவு. பளபளப்புப் பூச்சு போட்ட ஜாடி, குகை, யானைப் பொம்மை எதையும் கடல்நீர்த் தொட்டிக்குள் இறக்காதீர்கள். பச்சை, நீலப் பூச்சுகளில் செம்பு, கோபால்ட் போன்ற உலோகச் சேர்மங்கள் பயன்படுவதுண்டு. பூச்சு சரியாக வேகாமல் இருந்தால் உப்புநீரில் அவை கசியலாம். செம்பு மிகச் சிறிய அளவிலேயே பவளத்தையும் இறாலையும் கொல்லும். மீனின் வெள்ளைப்புள்ளி நோய்க்கு விற்கும் செம்பு மருந்துக்கும் இதே எச்சரிக்கை. அதைத் தனித் தொட்டியில் மட்டும்தான் பயன்படுத்த வேண்டும்.

ஐந்தாவது, குழாய்த் தண்ணீர். நமக்குக் குடிக்கப் பாதுகாப்பான குளோரின் பவளத்துக்குப் பாதுகாப்பில்லை. ஆர்.ஓ. வடிகட்டியும் அதன் பின் அயனி நீக்கியும் வைத்து, கரைந்திருக்கும் பொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் நீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும். மீட்டர் ஏறத் தொடங்கினால் வடிகட்டியை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

திடீர் வெளிச்சம் கூடாது

புது எல்.இ.டி. விளக்கு வாங்கிய அன்றே நூற்றுக்கு நூறு வைத்துவிடுவார்கள். அடுத்த வாரம் மேல்தட்டுப் பவளங்கள் வெளிறும். பாதி அளவில் தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். பலருக்குத் தெரியாத இன்னொன்றும் உண்டு. பழைய தொட்டித் தண்ணீரில் லேசான மஞ்சள் கலந்திருக்கும். புதுக் கரித்தூளைப் பை நிறையப் போட்டால் ஒரே நாளில் தண்ணீர் பளிங்காகிவிடும். விளக்கைத் தொடாமலேயே பவளத்தின் மேல் விழும் வெளிச்சம் கூடிவிடும். கரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட வேண்டும்.

கொதிநீர் ஊற்றாதீர்கள்: இது உங்கள் உயிர் பற்றியது

நிறம் மங்கிய ஸோவாவையும் பாலிதோவாவையும் கல்லோடு வெளியே எடுத்துத் தேய்த்துக் கழுவுவது, வேண்டாததை அழிக்கக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவது, இந்த இரண்டையும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். இந்த மொட்டுப் பவளங்களில் சில, பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சைக் கொண்டிருக்கும். கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஆவியோடு காற்றில் ஏறும். 2018 மார்ச்சில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையர் வட்டாரத்தில், ஸ்டீவன்டன் என்ற ஊரில், தொட்டியைச் சுத்தம் செய்யப் போய் ஒரு குடும்பமே மருத்துவமனையில் சேர்ந்தது.

கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இவற்றைத் தொட வேண்டாம். கையில் காயம் இருந்தால் அருகே போகவே வேண்டாம். சமையலறை சிங்க்கும் தேய்க்கும் பிரஷ்ஷும் இதற்கு ஆகாது. இறந்ததை வீசும் முன் குளோராக்ஸ் வகை வெளுப்பான் கலந்த நீரில் ஊறவையுங்கள். வேலை முடிந்த சில மணி நேரத்தில் காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு, நாக்கில் உலோகச் சுவை, கண் எரிச்சல் வந்தால் வீட்டார் எல்லாரும் வெளியேறி 999-ஐ அழையுங்கள். மருத்துவரிடம் ‘பவளத் தொட்டி, பாலிடாக்சின்’ என்ற சொற்களைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணச் சளிக்காய்ச்சல் என்று எண்ண இடமுண்டு. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய நச்சு மையத்திடம் மருத்துவர்கள் ஆலோசனை கேட்க முடியும்.

சாயம் பூசிய நிறம்

நிறத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்குச் சந்தையில் ஒரு பொறி காத்திருக்கிறது. வெளுத்துச் சாகக் கிடக்கும் கடல் சாமந்திகளுக்கும் தோல் பவளங்களுக்கும் மஞ்சள், ஊதா, இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். உடல் முழுக்க ஒரே அச்சில் நிறம், எங்கும் பழுப்புச் சாயலே இல்லை, விலையும் மலிவு என்றால் கையை எடுத்துவிடுங்கள். உள்ளே பாசி இல்லை. மிச்சமிருந்தாலும் சாயம் வெளிச்சத்தை மறைக்கும். சில வாரத்தில் சாயம் கரைந்து வெள்ளை தெரியும்போது கடைக்காரரிடம் கேட்க ஒன்றும் இருக்காது.

சட்டமும் விழித்திருக்கிறது

வெளுத்துப்போன பவளத்துக்குப் பதிலாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று மெர்சிங் பயணத்தில் வாளி எடுத்துப் போகாதீர்கள். ஜொகூரின் கிழக்குக் கரைத் தீவுகளைச் சுற்றியுள்ள கடல் பூங்காக்களை 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் காக்கிறது. அங்கே பவளத்தை உடைப்பதும் எடுப்பதும் குற்றம்.

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நண்பர் கொடுத்த ஒரு துண்டு அக்ரோபோராவைப் பையில் போட்டுக்கொண்டு பாலம் தாண்டுவது சின்ன விஷயமில்லை. கல் பவளங்கள் அனைத்தும் சைட்டீஸ் எனும் அனைத்துலக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை. மலேசியாவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டுவரும் தனிநபருக்கு, ஒவ்வோர் உயிருக்கும் ஒரு லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ, ஏழு ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். வளர்ப்பில் பெருக்கிய துண்டுகளைப் பத்திரம் காட்டும் விற்பனையாளரிடம் வாங்குவதுதான் வழி.

தமிழ்நாட்டில் இருக்கும் வாசகர்களுக்கு: இந்தியாவில் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் 2001-இலேயே சேர்க்கப்பட்டவை. புலி, யானைக்கு உள்ள அதே பாதுகாப்பு. அங்கிருக்கும் உறவினருக்குப் பவளத் துண்டைப் பரிசாகக் கொண்டுபோய் அவரை வம்பில் மாட்டிவிடாதீர்கள்.

நிறம் மாறினால் முதல் நாள் செய்ய வேண்டியவை

1. வெப்பத்தை மதியம் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் குறியுங்கள். ஒரு கருவியை மட்டும் நம்ப வேண்டாம்; இரண்டாவது வெப்பமானியோடு ஒப்பிடுங்கள்.

2. உப்பளவு (35 இருக்க வேண்டும்), கே.எச்., நைட்ரேட், பாஸ்பேட் நான்கையும் சோதியுங்கள். டெஸ்ட் கிட்டின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

3. வெள்ளை விளக்கில் படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிடுங்கள்.

4. கடந்த ஒரு மாதத்தில் எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள்: விளக்கு, கரி, புது மருந்து, புதுப் பவளம், வீட்டில் பெயின்ட், புகை. காரணம் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

5. சூடு ஏறியிருந்தால் மெல்ல இறக்குங்கள். நாளுக்கு ஒரு டிகிரி போதும். ஐஸ் கட்டியைத் தொட்டிக்குள் கொட்டாதீர்கள். விளக்கின் அளவைப் பாதியாகக் குறையுங்கள்.

6. பெரிய வாய் உள்ள பவளமாக இருந்தால் இரவில் சின்னஞ்சிறு தீனி கொடுங்கள். பாசி திரும்பும் வரை அதுதான் சோறு.

7. ஒரு வாரத்தில் ஒரு மாற்றத்துக்கு மேல் செய்யாதீர்கள். நான்கு மருந்தை ஒரே நாளில் ஊற்றினால், எது காப்பாற்றியது, எது கொன்றது என்று யாராலும் சொல்ல முடியாது.

வெளுத்த பவளம் நிறம் திரும்ப வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். திரும்பும்போது முதலில் வருவது ஊதாவோ பச்சையோ அல்ல, பழுப்பு. அப்போது ‘அசிங்கமாகிவிட்டதே’ என்று மீண்டும் மருந்துப் புட்டியைத் தேடிப் போகாதீர்கள். அந்தப் பழுப்புதான் பிழைத்ததற்கான சான்று.

கடைசியாக ஒரு கண்டிப்பு. அக்ரோபோராவின் விலையை மட்டும் கணக்குப் போட்டு இந்தப் பழக்கத்தில் இறங்க வேண்டாம். சில்லரின் விலை, மாதாமாதம் கூடும் கரண்டு பில், ஆர்.ஓ. வடிகட்டி, டெஸ்ட் கிட், நீங்கள் ஊரில் இல்லாத நாளில் எட்டிப் பார்க்க ஓர் ஆள், எல்லாம் சேர்ந்ததுதான் பவளத்தின் விலை. அது கட்டுப்படியாகாது என்றால் நன்னீர் மீன் தொட்டி வையுங்கள். அதிலும் நிறத்துக்குக் குறைவில்லை. சில்லர் வாங்கும் வரை பவளம் வாங்காதீர்கள்.